அஞ்சலி ஃபோல்டரும் முகூர்த்தப் பத்திரிகையும்: கம்ப்யூட்டர் தேடலில் வேண்டாததை ஒதுக்க எந்த வழி?

மதுரையில் ஒரு டிடிபி கடைக் (பத்திரிகை, போஸ்டரைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தரும் கடை) கம்ப்யூட்டரில் ‘மீனாட்சி’ என்று தேடிப் பாருங்கள். மணப்பெண் பெயர் மீனாட்சி, மாப்பிள்ளையின் அப்பத்தா பெயர் மீனாட்சி, ஜவுளிக்கடை பில் புக், காதணி விழா ஃபிளெக்ஸ், நாலு கோபுரமும் நாற்பது கோணத்தில் படங்களாக, போதாதற்கு அத்தனைக்கும் ‘பழசு’ ஃபோல்டரில் இன்னொரு நகல். நீங்கள் தேடிய பத்திரிகை இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ நிற்கும்.

இது வெறும் நேர விரயம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தாம்பூலம் மாற்றிய கையோடு பெண்வீட்டார் பத்திரிகை அடிக்க வந்து ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். “எங்க சித்தப்பா வீட்டுக்கு இங்கதான் அடிச்சோம். அதுலயே பேரை மட்டும் மாத்திக் கொடுங்கண்ணே” என்கிறார் ஒருவர். ஆபரேட்டர் சித்தப்பா பெயரை அடிக்கிறார். முதலில் வந்து நிற்பது அதே பெயருள்ள வேறு ஒருவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கறுப்புப் பின்னணியில் சிறுபடத்தோடு. பெண்ணின் அம்மா முகம் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிம்மக்கல், டவுன் ஹால் ரோடு, கோரிப்பாளையம் பக்கம் உள்ள கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும்போது ‘சில ஃபோல்டர் மட்டும் சர்ச்ல வரக்கூடாது’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

வழிகள் பல இருக்கின்றன. அதில் எது என்று முடிவு செய்யுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒதுக்க நினைப்பது மெஷின் போட்ட குப்பையா, மனுஷன் எடுத்து வைத்த பழையதா? விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ், ஆப் டேட்டா, டெம்ப் எல்லாம் முதல் வகை. வாடிக்கையாளர் வேலைக்காக அவற்றில் யாரும் எதையும் தேடப் போவதில்லை. நிரந்தரமாகவே ஒதுக்கலாம். ‘பேக்கப்’, ‘பழசு’, ‘2019’, ‘அஞ்சலி’ எல்லாம் இரண்டாம் வகை. இவை இன்று வேண்டாம், நாளைக்குக் கட்டாயம் வேண்டும். அஞ்சலி போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த அன்று ஒரு மணி நேரத்தில் கேட்பார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே படத்தோடு வருவார்கள், முதலாம் ஆண்டு நினைவுக்கு மறுபடி வருவார்கள். அதை இன்டெக்ஸை (தேடலுக்காகக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பட்டியலை) விட்டே தூக்கிவிட்டால் ‘அந்த ஃபைல் இல்லைங்க’ என்று ஆபரேட்டர் வாயால் வந்துவிடும். கடைக்கு அதைவிடக் கெட்ட பெயர் வேறில்லை. முதல் வகையை நிரந்தரமாக ஒதுக்குங்கள், இரண்டாம் வகையைத் தேடும் நேரத்தில் மட்டும் ஒதுக்குங்கள் என்பதுதான் என் கட்சி. கீழே உள்ள வழிகளை இந்தக் கண்ணோடுதான் எடை போட்டிருக்கிறேன்.

ஒரு வார்த்தை: கடைகளில் ஃபைல் பெயரைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். இங்கே உதாரணங்களைத் தமிழில் தருகிறேன். நீங்கள் உங்கள் ஃபோல்டரின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள்.

விண்டோஸின் சொந்தத் தேடல்

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய், அதில் சர்ச் சம்பந்தப்பட்ட பகுதியைத் திறந்தால் ‘கிளாசிக்’, ‘என்ஹான்ஸ்டு’ என்று இரண்டு வகை இருக்கும். என்ஹான்ஸ்டு வைத்தால் மொத்தக் கம்ப்யூட்டரையும் இன்டெக்ஸ் செய்யும். ஒதுக்க வேண்டிய ஃபோல்டர்களை அங்கேயே ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். விண்டோஸ் 10-லும் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து இது உண்டு. (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டது. கடைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது வேறு கதை.) கிளாசிக் வைத்தால் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி சில இடங்களை மட்டும் பார்க்கும்.

இங்கேதான் நம்ம ஊர்க் கடைக்காரர்கள் குழம்புகிறார்கள். விண்டோஸ் படுத்தால் சி டிரைவை ஃபார்மேட் அடிக்க வேண்டி வரும் என்ற பயத்தில் எல்லா வேலையையும் டி டிரைவில்தான் வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கிளாசிக் வகையில் டி டிரைவ் இன்டெக்ஸிலேயே இருக்காது. இல்லாத இன்டெக்ஸிலிருந்து எதை ஒதுக்குவது? டி டிரைவைத் திறந்து மேல்மூலையில் தேடும்போது விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்க்கிறது. பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போவது அதனால்தான். அந்த நடைத் தேடலுக்கு ஒதுக்கல் பட்டியல் எதுவும் பொருட்டில்லை, எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

சரி, அப்படியானால் கண்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, மாடிஃபை அழுத்தி, டி டிரைவுக்கு டிக் வைத்துவிட்டு, அதன் கீழே விரியும் கிளைகளில் ‘பழசு’, ‘அஞ்சலி’ ஆகியவற்றின் டிக்கை எடுக்க வேண்டும். வேலை செய்யும். ஆனால் இந்த விதி ஃபோல்டர் இருக்கும் பாதையோடு கட்டப்பட்டது. யாராவது ‘பழசு’ என்பதை ‘பழையவை’ என்று மாற்றினாலோ, இன்னொரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டாலோ விதி அதன் பின்னாலேயே போகாது. மூன்று பேர் கை வைக்கும் கம்ப்யூட்டரில் இது நடக்காமல் இருக்காது.

இன்னொரு குறை: விண்டோஸின் இன்டெக்ஸிலிருந்து ஃபோல்டரை ஒதுக்கலாம், ஃபைல் வகையை ஒதுக்கலாம், ஃபைல் பெயரின் ஒரு பகுதியை வைத்து ஒதுக்க வழியில்லை. கோரல் ட்ரா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. நீங்கள் சேவ் செய்யும்போதே அது ‘பேக்கப் ஆஃப்’ என்று பெயரின் முன்னால் ஒட்டி இன்னொரு ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டுவிடும். அதே வகை, அதே இடம். ஃபோல்டர் ஒதுக்கலுக்கு அது சிக்காது. தேடினால் ஒவ்வொரு வேலையும் இரட்டையாக வரும். அந்த வசதியைக் கோரலிலேயே நிறுத்தலாம்தான். கரண்ட் போய் ஒரிஜினல் ஃபைல் கெட்டுப்போன அன்றைக்கு அந்த பேக்கப்தான் காப்பாற்றும் என்பதால் நான் நிறுத்தச் சொல்வதில்லை.

உள்ளடக்கத் தேடல் யாருக்கு உபயோகம்?

விண்டோஸ் தேடலின் பலமே ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தையும் தேடுவதுதான். டிடிபி கடைக்கு அந்தப் பலம் அநேகமாக வீண். பழைய வேலைகள் எல்லாம் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் அடித்தவை. திரையில் ‘திருமணம்’ என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும், ‘ம்’ மேல் வரும் புள்ளிக்குப் பதிலாக ஒரு அரைப்புள்ளியும். யூனிகோடில் (இன்றைய பொது எழுத்து முறையில்) ‘திருமணம்’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் லேசில் போகவில்லை. அதுவும் போக, சிவகாசிக்கு ஆஃப்செட் வேலை அனுப்பும்போது ‘கர்வ்ஸ் ஆக்கி அனுப்புங்க’ என்பார்கள். கர்வ்ஸ் ஆக்கிய பிறகு அதில் எழுத்தே கிடையாது, வெறும் கோடுகள்தான். ஆகவே பெயரை மட்டும் தேடும் ஒரு சாஃப்ட்வேர் டிடிபி கடைக்குப் போதும், வேகமும் கிடைக்கும்.

வக்கீல் ஆபீஸ் கதை நேர் எதிர். 2004-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வந்த பிறகு, உலகனேரி, ஒத்தக்கடைப் பக்கம் ஜூனியர் வக்கீல்களும் டைப்பிஸ்ட்களும் அடிக்கும் மனுக்கள் அநேகமாக ஆங்கில வேர்டு ஃபைல்கள். சர்வே நம்பரையோ எதிர்மனுதாரர் பெயரையோ வைத்து ஃபைலுக்குள் தேடுவதுதான் அங்கே பிழைப்பு. அவர்களுக்கு வேறு ஒரு தொல்லை: செக் பவுன்ஸ் வழக்குக்கு அதன் சட்டப் பிரிவு எண்ணான ‘138’ என்று தேடினால், தாங்கள் எழுதிய டிராஃப்ட் வருவதற்குள் டவுன்லோடு செய்து வைத்த தீர்ப்பு பிடிஎஃப்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாத் தீர்ப்பிலும் அந்த எண் இருக்கும் அல்லவா?

இவர்களுக்கு ஜட்ஜ்மெண்ட்ஸ் ஃபோல்டரை இன்டெக்ஸிலிருந்து எடுப்பது சரியான வழியல்ல. எடுத்த பிறகு அதற்குள் போய்த் தேடினால் மெதுவாக வரும், அதுவும் பெயரை மட்டும்தான் பார்க்கும். உள்ளடக்கத்தையும் பார்க்க ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் தனியாக ஒரு டிக் வைக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, அதிகம் பேர் கவனிக்காதது, ஒன்று இருக்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், அதில் அட்வான்ஸ்டு. ஃபைல்களின் உள்ளடக்கத்தையும் இன்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் ஒரு கட்டம் அங்கே டிக்கோடு இருக்கும். அதை எடுத்துவிட்டு, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் பொருத்தச் சொல்லுங்கள். இனி ‘138’ என்று அடித்தால் தீர்ப்புகள் குவியாது. தீர்ப்பின் ஃபைல் பெயரை அடித்தால் மட்டும் அது வரும். கட்சிக்காரர் பெயர், வருஷம் போட்டுப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் அதுவே தாராளம். இந்த அடையாளம் ஃபைலின் மேலேயே பதிவதால், ஃபோல்டரை அதே டிரைவில் வேறு எங்கே நகர்த்தினாலும் கூடவே போகும். ஒரு சிக்கல்: டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போடும் புதுத் தீர்ப்பு தன் பழைய அடையாளத்தோடேயே வந்து உட்காரும். பிரவுசரில் சேவ் செய்யும்போதே நேராக ஜட்ஜ்மெண்ட்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

எவ்ரிதிங்: டிடிபி கடைக்கு என் தேர்வு

வாய்ட்டூல்ஸ் தரும் இலவச சாஃப்ட்வேர் எவ்ரிதிங். விண்டோஸுக்கு மட்டும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாக டிரைவை அமைக்கும் முறை) டிரைவில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல் பட்டியலை நேரடியாகப் படித்துக்கொள்வதால் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைய வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. பத்து லட்சம் ஃபைலுக்குச் சுமார் 75 எம்பி ராம்தான் எடுக்கும் என்கிறார்கள் அதைச் செய்தவர்கள். 4 ஜிபி ராமில் கோரலும் ஃபோட்டோஷாப்பும் திறந்து வைத்துக்கொண்டு திணறும் மெஷினுக்கு இது பெரிய நிம்மதி. எழுத்தை அடிக்க அடிக்க விடை வரும்.

ஒதுக்குவதற்கு இதில் இரண்டு தளம் உண்டு. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் இன்டெக்ஸஸ் கீழே எக்ஸ்க்ளூட். இங்கே சேர்த்த ஃபோல்டர் இன்டெக்ஸிலேயே இருக்காது. மெஷின் குப்பைக்கு இது சரியான இடம்: விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், ஆப் டேட்டா. ஹிடன் ஃபைல்களை மொத்தமாக ஒதுக்க ஒரு டிக்கும், ஃபைல் பெயரின் அமைப்பை வைத்து ஒதுக்க ஒரு பெட்டியும் அங்கேயே உண்டு. ‘பழசு’ ஃபோல்டரை ஹிடன் ஆக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அந்த டிக்கை வைக்காதவரை எவ்ரிதிங் ஹிடனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது தளம், தேடும்போதே ஒதுக்குவது. ஒரு ஆச்சரியக்குறி போட்டுச் சொல்லை ஒட்டினால் ‘இது வேண்டாம்’ என்று பொருள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். மீனாட்சி !பேக்கப் என்று அடித்தால், ஃபைல் பெயரில் ‘பேக்கப்’ இருப்பவை மட்டும்தான் விலகும். கோரல் போட்ட இரட்டை ஃபைல்கள் போய்விடும், நல்லது. ஆனால் பேக்கப் என்ற ஃபோல்டருக்குள் சாதாரணப் பெயரோடு இருப்பவை அப்படியே நிற்கும். ஃபோல்டரையே ஒதுக்க இரு பக்கமும் சாய்கோடு வேண்டும்:

மீனாட்சி !\பேக்கப்\ !\அஞ்சலி\

சாய்கோட்டைப் பார்த்ததும் அது பாதை முழுவதையும் ஒப்பிடத் தொடங்கும். அந்தப் பெயரில் எந்த டிரைவில், எத்தனை ஆழத்தில் ஃபோல்டர் இருந்தாலும் விலகிவிடும். பெயர்தான் கணக்கு, இடம் கணக்கில்லை. ‘பழசு’ ஃபோல்டரை இங்கிருந்து அங்கே மாற்றினாலும் விதி உடையாது. விண்டோஸின் பட்டியலோடு ஒப்பிட்டால் நான் இதை விரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒவ்வொரு தடவையும் இதை யார் அடிப்பது? சர்ச் மெனுவில் ஆர்கனைஸ் ஃபில்டர்ஸ் போய்ப் புது ஃபில்டர் ஒன்று உண்டாக்குங்கள். பெயர் ‘மங்கலம்’ என்று வைத்துக்கொள்ளலாம். தேடல் கட்டத்தில் !\அஞ்சலி\ !\பேக்கப்\ !\பழசு\ என்று ஒரே வரியில் போடுங்கள், நடுவில் இடைவெளி போதும். வியூ மெனுவில் ஃபில்டர்ஸைக் காட்டச் சொன்னால் தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே தேர்வுப் பெட்டி வந்துவிடும். ஆப்ஷன்ஸில் ஹோம் பகுதிக்குப் போய், திறக்கும்போதே ‘மங்கலம்’ ஃபில்டரோடு திறக்கச் சொல்லிவிடலாம். வைகாசியோ ஆவணியோ தையோ, முகூர்த்த சீசனில் பெண்வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் கறுப்பு போஸ்டர் எதுவும் எட்டிப் பார்க்காது. அஞ்சலி கேட்டு ஆள் வந்தால் ஃபில்டரை மாற்ற ஒரு கிளிக். கிளிப்ஆர்ட் தொகுப்புக்கும் இதே மாதிரி இன்னொரு ஃபில்டர் போடலாம். ‘முருகன்’ என்று தேடினால் வாடிக்கையாளர் முருகன் வரட்டும், வேலும் மயிலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்ரிதிங்குக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபைலுக்குள் தேடுவதில் அது விண்டோஸுக்கு ஈடாகாது, உள்ளடக்கத்துக்கு ஒரு கட்டளை இருந்தாலும் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்கும் என்பதால் நத்தை வேகம். வக்கீல் ஆபீஸுக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் (அது வேறொரு அமைப்பு முறை) இருந்தால் அதுவாக எடுத்துக்கொள்ளாது, ஃபோல்டராகச் சேர்க்க வேண்டும். கடையின் மெயின் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரை மற்ற கம்ப்யூட்டரில் தேடுவதற்கும் இதே முறைதான். அப்படிச் சேர்த்தவற்றை அது குறிப்பிட்ட நேரத்தில் மறுபடி ஸ்கேன் செய்துதான் புதுப்பித்துக்கொள்ளும். இப்போது சேவ் செய்த ஃபைல் பக்கத்து மெஷினில் உடனே தெரியவில்லை என்று பதற வேண்டாம்.

இடத்தையே மாற்றிவிட்டால்?

‘எதற்கு இவ்வளவு பாடு, பழைய வருஷத்தை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் தள்ளிவிட்டால் தீர்ந்தது’ என்பார்கள். ஒரு விதத்தில் சரி. கேபிளைச் சொருகாதவரை தேடலில் வராது, இடமும் மிச்சம். ஆனால் பத்திரிகைக் கடையில் பழைய வேலைதான் முதலீடு, ‘போன தடவை மாதிரியே’ என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். தினம் நாலு தடவை டிஸ்கைச் சொருகி எடுக்கிற ஆபரேட்டர் இரண்டே வாரத்தில் மறுபடி எல்லாவற்றையும் டி டிரைவுக்குக் காப்பி செய்துவிடுவார், இப்போது மூன்றாவது நகலும் சேர்ந்துவிடும். வருஷ வாரியாக ஜிப் செய்து வைப்பதும் அதே கதைதான். எவ்ரிதிங் ஜிப்புக்குள் பார்க்காது, குப்பை குறையும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது ஜிப் செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தாறு வருஷத்துக்கு முந்தையதற்கு வேண்டுமானால் இதைச் செய்யலாம்.

லினக்ஸ், மேக்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கடைகளில் இவை அபூர்வம். அரசு தந்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்துப் பழகிய மாணவர்கள், இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் வழியாகத் தேடும் இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு தனி ஃபோல்டரை மட்டும் ஒதுக்க, அதற்குள் ‘டிராக்கர்இக்னோர்’ என்று பெயரும் முன்னால் ஒரு புள்ளியும் வைத்து வெறும் ஃபைல் ஒன்றைப் போட்டால் போதும் (ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல்). விதி ஃபோல்டருக்குள்ளேயே குடியிருப்பதால் எங்கே நகர்த்தினாலும், பெயரை மாற்றினாலும் செல்லும். இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ-யில், பலூ என்ற அதன் தேடல் வசதியின் செட்டிங்ஸில் ஃபோல்டர் வாரியாகச் சொல்லலாம்.

ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோக்காரர்களிடம் மேக் இருக்கும். அதன் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டில், செட்டிங்ஸின் பிரைவசி பட்டியலில் ஃபோல்டரை இழுத்துப் போட வேண்டும். ஃபோல்டர் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ‘நோஇன்டெக்ஸ்’ என்று சேர்த்தாலும் ஸ்பாட்லைட் அதைத் தொடாது. ஒரு கல்யாணத்தின் ஆயிரக்கணக்கான ரா (கேமரா எடுத்த மூல வடிவப்) படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு இது கச்சிதம்.

அமைத்த பிறகு

விண்டோஸில் மாற்றம் செய்த உடனே சோதிக்காதீர்கள், இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் வேலை முடிந்ததாகக் காட்டும்வரை பழைய விடைகளும் கலந்து வரலாம். அப்படியும் ஒதுக்கிய ஃபோல்டர் வந்துகொண்டே இருந்தால் அட்வான்ஸ்டு பகுதியில் ரீபில்டு இருக்கிறது. சாயங்காலம் கடை சாத்தும்போது அதை அழுத்திவிட்டு மெஷினை ஓடவிட்டுப் போங்கள், பகலில் செய்தால் அன்றைய வேலை படுத்துவிடும். எவ்ரிதிங்கில் அந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை.

புதிதாகச் சேரும் ஆபரேட்டர் தம்பிக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஃபைல் கிடைக்கவில்லை என்றால், வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்று சொல்லுமுன் ஃபில்டர் பெட்டியை ‘மங்கலம்’ என்பதிலிருந்து ‘எவ்ரிதிங்’ என்று மாற்றி ஒரு தடவை தேட வேண்டும். அப்படித் தேடும்போது மானிட்டரைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்ளவும் சொல்லுங்கள்.